அடுப்பு இல்லாத அடுப்படி

கோயம்புத்தூர்,
17.11.2024

அன்புத் தம்பி தங்கச்சாமிக்கு,

அக்கா பொன்மணி எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம்தான். மழையைக் கண்டதும் அத்தானுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே நீ, பாண்டிலட்சுமி, என் மருமகள் ஹர்ஷினி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் எழுது.

உன்னோடு போனில் பேசினால் "ம்", "சரி", "வைக்கவா?" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. காகிதத்தில் மட்டும் நீ வாயாடி. அதனால்தான் இந்தக் காலத்திலும் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டிருக்கிறேன். போஸ்ட் ஆபீஸில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆயா வேலை பார்க்கும் நர்சரி ஸ்கூலில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். வெட்டவெளியில் பிள்ளைகள் விளையாட மரத்தில் ஒரு அடுப்படி. மேடை, கரண்டி மாட்டக் கொக்கி, பழைய ஈயப் பாத்திரம், எல்லாம் அதுகளின் இடுப்பு உயரத்துக்கு. சோறு மண்ணு, குழம்பு தண்ணீர், கறிவேப்பிலைக்குப் புங்க இலை. முதலில் இதென்ன கூத்து என்றுதான் பார்த்தேன். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை அங்கே நின்றுகொண்டு, "உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையா?" என்று இன்னொன்றைக் கேட்கிறது. எனக்குப் பாத்திரம் கழுவவே கை ஓடவில்லை.

தீபாவளி முடிந்து உங்கள் பட்டாசுக் கம்பெனியை அடைத்திருப்பார்கள். நீ வீட்டில் சும்மாதான் இருப்பாய். பழைய மரம் எதையாவது தேடிப்பிடித்து ஹர்ஷினிக்கும் தெருப்பிள்ளைகளுக்கும் இது மாதிரி ஒன்று அடித்துக் கொடேன். பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். சிரிக்காதே.

இன்னொன்று. தீபாவளிக்கு நான் ஆசையாக வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்ட பெரிய இரும்பு வாணலி வந்ததா? லட்சுமி அதில் முறுக்கு சுட்டாளா? போன கடிதத்தில் நீயும் எழுதவில்லை. உன் கோழிக்கிறுக்கலுக்கு அடியில் அவள் முத்து முத்தாக எழுதும் இரண்டு வரியும் இல்லை. அந்த இரண்டு வரிக்காகத்தான் உன் கடிதத்தையே நான் எடுத்து வைப்பது. அவளிடம் சொல்லிவை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா பொன்மணி


வெம்பக்கோட்டை,
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சாமி எழுதுவது. எல்லோரும் இருக்கிறோம். அத்தானுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்.

இந்தத் தாளின் பின்பக்கம் முருகன் இருக்கிறார். சிவகாசி பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அருள்பாண்டி கொடுத்த காலண்டர் ஷீட், கலர் தப்பிப்போனது. மயில் ரோஸாக இருக்கிறது. மடிக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மடித்தேன்.

நீ எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். மண்ணை வைத்துக்கொண்டு அதுக என்ன பேசுதுக? நிஜமாகத்தான் கேட்கிறேன். யார் அம்மா, யார் அப்பா என்று யார் முடிவு பண்ணுவது? சமைத்ததைக் கடைசியில் என்ன செய்யும்? திரும்பத் தரையில் கொட்டிவிடுமா?

மரம் கிடைத்துவிட்டது. அருள்பாண்டி பிரஸ்ஸுக்கு வெளிநாட்டு மிஷின் ஒன்று வந்திருக்கிறது. அது வந்த பெட்டி கொல்லையில் மழையில் கிடந்தது. நல்ல பைன் பலகை. முகர்ந்தால் ஒரு வாசம். லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். பலகையில் குடைப் படம், மேலே பார்த்த அம்பு, ஒரு கிளாஸ் படம் எல்லாம் கறுப்பு மையில் அச்சடித்திருக்கிறது. உடையும் சாமான் என்பதற்குப் போட்டது போல. ஹர்ஷினி பார்த்துவிட்டு, "இந்த வீட்ல பாயாசம் கிடைக்கும், மழை வந்தா குடை குடுப்பாக" என்கிறாள். அந்தப் பலகையை முன்பக்கமே வைக்கப் போகிறேன்.

எங்கள் கம்பெனியிலும் கழித்துப் போட்ட பலகை கிடக்கிறதுதான். அதைத் தொடவில்லை. பட்டாசு மருந்து ஊறிய மரத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் கொண்டுவர எனக்கென்ன கிறுக்கா?

வாணலி வந்து சேர்ந்தது. பாண்டிலட்சுமிக்குக் கொஞ்சம் வேலை. அதனால் எழுதவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
தங்கச்சாமி

ரசத்துக்கு முதலில் புளியா, தக்காளியா? சும்மாதான் கேட்கிறேன்.


கோயம்புத்தூர்,
12.12.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அத்தான் உன் எண்ணெய் வைத்தியத்தில் இப்போது மாடிப்படி ஏறுகிறார். நீங்கள் சுகம் என்று நீ எழுதவில்லை, "இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். இருப்பது எனக்கும் தெரியும்.

சும்மா கேட்கிறானாம்! தட்டில் சோறு விழுந்தால் குனிந்து தின்பதைத் தவிர அடுப்படியில் உனக்கு என்னலே சோலி? தக்காளியைப் பிசைந்து புளித்தண்ணியில் போட்டு, பச்சை வாடை போகக் கொதிக்க விட வேண்டும். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். பொங்க விட்டால் ரசம் கெட்டது.

நீ கேட்டதற்காக ஒரு வாரம் அந்த மர அடுப்படி பக்கமே நின்று பார்த்தேன். மிஸ் ரெண்டு தடவை கூப்பிட்டு விரட்டினார்கள். யார் அம்மா என்பதை யாரும் முடிவு பண்ணுவதில்லை. முதலில் கரண்டியைப் பிடித்தது எதுவோ அதுதான் அம்மா. அப்பாவுக்கு வேலையே இல்லை. ஒன்றை "நீ ஆபீஸ் போ" என்று அனுப்பிவிட்டார்கள். அது சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டு, எப்போது திரும்பி வரலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சமைத்ததைக் கொட்டுவதில்லை. மூடி வைத்துவிட்டுப் போகின்றன. மறுநாள் வந்து, "நேத்து வச்ச குழம்பு, நல்லாருக்கும்" என்கின்றன. நான் கொட்டிக் கழுவி வைத்துவிட்டு ஒருநாள் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதில் அடுப்புக்கு நாலு வட்டம் வரைந்திருக்கிறார்கள். திருகுகிற மாதிரி குமிழும் உண்டு. நீ மூன்று கல் வைத்தே ஒன்று செய்துவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் புரியும்.

லட்சுமிக்கு அப்படியென்ன வேலை? சீசன் இல்லாத மாதத்தில் வீட்டில் வெடிக்குக் குழாய் சுற்றக்கூடக் காகிதம் தரமாட்டார்களே. போன் போட்டால் நீதான் எடுக்கிறாய். "குளிக்கா" என்கிறாய். எந்நேரமும் குளிக்கிற அளவுக்கு வெம்பக்கோட்டையில் தண்ணீர் வருகிறதா?

பொங்கல் லீவுக்கு நானும் அத்தானும் வரலாம் என்று இருக்கிறோம்.

பிரியமுள்ள
அக்கா


வெம்பக்கோட்டை,
5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும். அத்தான் படி ஏறியது கேட்டு சந்தோஷம். இங்கே ஹர்ஷினிக்குச் சளி வந்து போய்விட்டது.

அடுப்படி முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் போட்டிருக்கிறேன். பெட்டியில் இருந்த இரும்பு ஆணி ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டேன். ஆணியே அடிக்கவில்லை. வேம்பில் முளை சீவி, துளை போட்டு இறக்கியிருக்கிறேன். ஆட்டினால் ஆடாது. கூரைக்கு ஓலை. எதிரெதிராக ரெண்டு வாசல், ரெண்டுக்கும் கதவு, ரெண்டும் வெளிப்பக்கம் திறக்கும். குழந்தைகூட ஒரு விரலால் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடலாம். தள்ளிப் பார்த்து, தள்ளிப் பார்த்து, கீலைத் திரும்பத் திரும்ப மாற்றினேன். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு பானைத் தண்ணீர்.

அந்தக் கிளாஸ் படம் போட்ட பலகை முன்னால் இருக்கிறது. பாயாசக் கடை என்றே பேர் ஆகிவிட்டது.

ஹர்ஷினி, பக்கத்து வீட்டு ராம்குமார், பத்திரகாளி, அவள் தங்கச்சி, இந்த நாலு பேருக்குத்தான் உள்ளே இடம். அஞ்சாவதாக நான் எட்டிப் பார்த்தேன். ஹர்ஷினி, "ரூமுக்கு நாலு ஆளுதான். செருப்ப வெளிய போடுங்க. போன் இருக்கா?" என்று மறித்துவிட்டாள். கம்பெனிச் சட்டம் இவளுக்கு எங்கே தெரிந்தது என்று யோசித்தேன். நான் வீட்டில் பேசுவதுதான் போலிருக்கிறது.

நேற்று வைத்த குழம்பை மூடி வைத்துவிட்டு மறுநாள் தின்கிற விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. இங்கே அப்படி இல்லை. செய்ததையெல்லாம் பொட்டலம் கட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "ஆர்டர்" என்கிறார்கள்.

பொங்கலுக்கு நாங்கள் மல்லாங்கிணறுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிறோம். அலைய வேண்டாம். அப்புறம் ஒருநாள் வா.

தங்கச்சாமி

சாம்பாரில் பெருங்காயத்தைத் தாளிக்கும்போது போடுவதா, கொதிக்கும்போதா? பருப்பு குழைய மாட்டேன் என்கிறதே, ஏன்?


கோயம்புத்தூர்,
18.1.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் முடிந்தது. பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. உங்கள் மூவருக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. இரும்பு ஆணி கிடையாது, ரெண்டு வாசல், வெளியே திறக்கிற கதவு, மணல் வாளி! பிள்ளைகளுக்கு அடுப்படி கட்டச் சொன்னால் நீ பட்டாசு ரூம் கட்டி வைத்திருக்கிறாய்லே. லைசென்சு வாங்கிவிட்டாயா?

எல்லாம் சரி. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அடுப்பு எங்கே?

பெருங்காயம் தாளிக்கும்போது. பருப்புக்கு உப்பை முதலிலேயே போட்டுத் தொலைத்திருப்பாய்.

லட்சுமியின் இரண்டு வரி எங்கே?

அக்கா


கோயம்புத்தூர்,
16.2.2025

தம்பி தங்கச்சாமிக்கு,

பதில் வரும் என்று ஒரு மாதமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உங்களுக்குத்தான் ஏதோ இருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். பாண்டிலட்சுமி வீட்டில் இருக்கிறாளா?

சமைப்பது நீ. போன் எடுப்பது நீ. பொங்கலுக்கு என்னை வரவிடாமல் பண்ணியது நீ. என் வாணலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாய். அடுப்பு எங்கே என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாய். சேர்த்துவைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அவள் கோபித்துக்கொண்டு மல்லாங்கிணறு போய்விட்டாள். அப்படிப் போகிற பிள்ளை இல்லை அவள். நீ என்ன செய்தாய்? குடித்துவிட்டுக் கையை நீட்டினாயா? அப்படி இருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து உன்னைப் புங்கமரத்திலேயே கட்டி வைப்பேன். அப்பா அம்மா இல்லையென்று உன்னைக் கேட்க ஆளில்லாமல் போய்விடவில்லை.

உண்மையை எழுது. நான் உன் அக்காதான். எதுவானாலும் தாங்குவேன்.

பொன்மணி


வெம்பக்கோட்டை,
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டினதில் எனக்கு வருத்தமில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாண்டிலட்சுமி ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். "பாவம், உங்கள மரத்துல கட்டப் போறாகளாம். சொல்லிருங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். பொங்கலுக்கு நாங்களும் எங்கேயும் போகவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். உன் வாணலியில்தான். பாதி சுட்டு முடித்து, வாணலியை இறக்கும்போது எண்ணெய் சாய்ந்துவிட்டது. வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை. நான் வெளியே ஹர்ஷினிக்கு மத்தாப்புப் பிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். அடுப்படிக் கதவு உனக்குத் தெரியும், உள்பக்கம் திறக்கிற கதவு. எண்ணெயில் வழுக்கி அவள் அந்தக் கதவோடு விழுந்து கிடந்தாள். தள்ளினால் அவள் மேல்தான் தள்ள வேண்டும். அவள் நகர்ந்து வழிவிடுகிற வரைக்கும் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, அது கொஞ்ச நேரம்தான். எனக்கு அந்த நேரம் இன்னும் முடியவில்லை.

இத்தனை வருஷமாகப் பட்டாசு மருந்துக்குள்ளேயே கிடக்கிறேன். மேலில் ஒரு கொப்புளம் கிடையாது. வீட்டு அடுப்பு இப்படிச் செய்துவிட்டது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் மூன்று கல்லை அடுப்பு என்று வைக்க எனக்குக் கை வரவில்லை. வைக்கலாம் என்று கல்லைத் தூக்குவேன், திரும்பப் போட்டுவிடுவேன். கதவை ஏன் அப்படிப் போட்டேன் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றது அவள்தான். "மதினி ஆசையா அனுப்பின வாணலி. தெரிஞ்சா அவுக மனசு கெடந்து அடிச்சுக்கிடும்" என்றாள்.

புண் ஆறிவிட்டது. ஆனால் விரல் மடங்கியபடி நிற்கிறது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா ரப்பர் பந்து ஒன்று கொடுத்து, தினமும் பிசையச் சொன்னார்கள். விரலை மடக்கி நீட்டாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டார்கள். இவள் பந்தைத் தொடமாட்டேன் என்கிறாள். கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேஸைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். குழாய் சுற்றுவதில் இந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை, உனக்குத் தெரியும். இப்போது பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

நீ இப்போது வராதே. கோபித்துக்கொள்ளாதே. வருகிறவர்கள் எல்லாம் முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள். அவள் யார் முன்னாலும் வரமாட்டேன் என்கிறாள்.

தங்கச்சாமி


கோயம்புத்தூர்,
8.3.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. உன்னைக் கண்டபடி எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே கிளம்புவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பையெல்லாம் கட்டி வாசலில் வைத்த பிறகு உன் கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்தேன். நான் வந்தாலும் கையைத்தான் முதலில் பார்ப்பேன். எனக்கே தெரியும். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டு, கட்டிய பையைப் பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாணலியைத் தூக்கிக் குளத்தில் போடு. கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கினேன். கைப்பிடி சின்னதாக இருக்கிறதே என்று அத்தான் அப்போதே சொன்னார். நான்தான் "கனமா இருந்தாத்தான் முறுக்கு நல்லா வரும்" என்று அவர் வாயை அடைத்தேன். ரெண்டு கடிதத்தில் அதைப் பற்றி வேறு கேட்டிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

லட்சுமியிடம் சொல். அவள் எழுதாவிட்டாலும் உன் கடிதத்தின் அடியில் எப்போதும்போல இரண்டு வரிக்கு இடம் விட்டு அனுப்பு. வெறும் இடமாக இருந்தால் போதும். நான் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.

அக்கா


வெம்பக்கோட்டை,
20.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் தாங்கவில்லை. அங்கேயாவது குளுமையாக இருக்கிறதா? அத்தான் முழங்கால் எப்படி? கம்பெனியில் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு ஏழு மணி வேனைப் பிடிக்கிறேன். ரசம் இப்போது நன்றாக வருகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் வாணலியை நான் குளத்தில் போடவில்லை. அன்றைக்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கு மூடிவிட்டேன். நேற்று வேலை முடிந்து வருகிறேன், வாணலி புங்கமரத்தடியில் நடு மேடையில் இருக்கிறது. ஹர்ஷினியும் பத்திரகாளியும் அவள் தங்கச்சியும் இழுத்துக்கொண்டு வந்து, தேய்த்துக் கழுவி, மண் நிறையப் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் பாண்டிலட்சுமி வாசல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அழவில்லை, எழுந்து போகவும் இல்லை.

"எடுத்துரவா?" என்று கேட்டேன். அவள் பார்வை வாணலியிலேயே இருந்தது.

நீ பிள்ளைகளோடேயே இருக்கிறவள். அந்த வாணலியை அங்கிருந்து எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா? அவள் என்ன பார்க்கிறாள் என்றும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன். கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தங்கச்சாமி


கோயம்புத்தூர்,
27.4.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இதைப் பார்த்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், ஒன்றும் செய்யாதே. பிள்ளைகள் மூடி வைத்த குழம்பை நான் கொட்டிக் கழுவி வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? வாணலி அங்கேயே இருக்கட்டும். அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன். ஆனால் கேட்காதே.

வெறும் இடம் வந்து சேர்ந்தது.

அக்கா


வெம்பக்கோட்டை,
8.6.2025

அன்புள்ள மதினிக்கு,

பாண்டிலட்சுமி எழுதுவது. அண்ணனுக்கும் உங்களுக்கும் என் கும்பிடு. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பேனாவில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்திருக்கிறார் உங்கள் தம்பி. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். உங்கள் தம்பியின் கோழிக்கிறுக்கலை இனிமேல் நான் கேலி பண்ண முடியாது.

நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் ரெண்டு பேரும் கடிதம் போட்டு விசாரித்தது எனக்குத் தெரியும். கடிதத்தை அலமாரியிலேதானே வைக்கிறார்! சொல்கிறேன். அந்த வாணலியில் பத்திரகாளியின் தங்கச்சி முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ராம்குமார் லீவுக்குச் சாத்தூர் போய்விட்டான். மறுநாள் ஹர்ஷினி என் முன்னால் வந்து நின்றாள்.

"யம்மா, ஒரு ஆள் கொறையுது. இன்னைக்கு லோடு போகணும். நீ வாரியா, வேற ஆள் பாக்கவா?"

"எனக்குத்தான் கை சரியில்லையேடி" என்றேன்.

"அதெல்லாம் வேன்ல ஏறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்கிறாள்.

மதினி, இத்தனை மாதமாக வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "நீ சும்மா இரு, நீ சும்மா இரு" என்றார்கள். உங்கள் தம்பி என்னை ஒரு டம்ளர் எடுக்க விடவில்லை. அந்தப் பந்தைப் பார்த்தாலே எனக்கு நோயாளி என்று எழுதி ஒட்டின மாதிரி எரிச்சலாக வரும். இவள் ஒருத்திதான் என்னை வேலைக்குக் கூப்பிட்டாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனேன். என்னை அந்த வாணலிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். மண்ணைப் பிசைவது என் வேலை.

கையை உள்ளே விடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டேன். வாணலி குளுமையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹர்ஷினி என்னைப் பார்த்து, "வேகமா, வேகமா. சீசன்!" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகிறேன். மண்ணைக் கெட்டியாகப் பிசைந்து, பிழிந்து, வட்டமாகச் சுற்றி முறுக்கு போட வேண்டும். சரியாக வராவிட்டால் போர்மேன் அம்மா ஹர்ஷினி தள்ளுபடி செய்துவிடுவாள். முதல் வாரம் முழுக்கத் தள்ளுபடிதான். ராத்திரி கை விண் விண் என்று தெறிக்கும். இப்போது நாலு விரல் நீள்கிறது. சுண்டுவிரல் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பந்து நல்லா வேலை செய்யுது" என்றார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுப்பு எங்கே என்று கேட்டீர்கள் இல்லையா? நானும் பிள்ளைகளைக் கேட்டேன். "எதுக்கு? நாங்க வெயில்ல காயவச்சு எடுத்துருவோமே" என்றார்கள். கம்பெனியில் வெடியைக் காயவைக்கிற மாதிரி பலகையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இத்தனை மாதத்தில் அடுப்பு இல்லை என்பது அங்கே யாருக்கும் ஒரு குறையாகவே படவில்லை. எனக்குத்தான் பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நானே மூன்று செங்கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வைத்தேன். ஹர்ஷினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது கதவுகிட்ட வேணாம், ஆளு வெளிய வாரதுக்கு எடம் வேணும்" என்று தள்ளி வைக்கச் சொன்னாள். தள்ளி வைத்தேன்.

மதினி, வாணலி மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் மேல் எப்போதுமே இல்லை. அதைக் குளத்தில் போடு என்றெல்லாம் இனிமேல் எழுதாதீர்கள். எங்கள் கம்பெனிச் சாமான் அது.

இன்று காலையில் கேஸைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். உங்கள் தம்பி புங்கமரத்தடியில் இருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படி வாசலிலேயே நின்றார். அந்தக் கதவையும் போன வாரம் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார். லைட்டரை அமுக்கும்போது என் கை நடுங்கவில்லை. வாளிதான் நடுங்கி, மணல் தரையெல்லாம் கொட்டியது.

நீங்கள் கிளம்பி வாருங்கள். பிரிக்காமல் வைத்திருந்த பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். கையைப் பார்ப்பதானால் பாருங்கள். ஆனால் ராம்குமார் திரும்பி வந்துவிட்டான், உள்ளே நாலு பேர் கணக்கு சரியாகிவிட்டது. உங்களை உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் தம்பிக்கு அடியில் இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.

பாண்டிலட்சுமி

அக்கா, பால் பொங்கவில்லை, காப்பியில் சீனி அதிகம், மூன்று டம்ளர் குடித்தேன்.
அழுகையாக வருகிறது, அதற்குள் இவள் விட்ட இடம் தீர்ந்துவிட்டது.